ஈரத்தில் ஆடிய சக்கரம்

வண்டியை விற்கக் கூடாது என்று சொன்னவன் அண்ணன். அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான். இரண்டுக்கும் நடுவில் அது எங்கள் வீட்டுக் கொல்லையில், அடுப்பெரிக்கப் பருத்திமார் அடுக்கும் தகரக் கொட்டகைக்குள், சாக்கு போர்த்தியபடி வருடக்கணக்கில் நின்றது.

அது அப்பாவின் வண்டி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் இருந்த எங்கள் நிலத்துக்குப் போய்வர, யாரோ ஓட்டி அலுத்ததை அப்பா வாங்கியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், அந்த வருடத்தின் முதல் பெருமழை பெய்த சாயங்காலம், நிலத்திலிருந்து திரும்பும்போது அண்ணன் ஓட்டினான். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓடைப்பாலத்தில் வண்டி சாய்ந்தது. அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அப்பா பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

அண்ணன் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, அப்புறம் வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வேகமாக வந்துவிட்டுக் கதை கட்டுகிறான் என்றார்கள் ஒரு பாதிப் பேர். அந்தப் பாலத்தில் அப்படி ஒன்று உண்டு, மழைக்கு முதல் தண்ணீர் வரும் அன்றைக்கு ஆள் கேட்கும் என்றார்கள் இன்னொரு பாதிப் பேர். அம்மா இந்த இரண்டாவது பாதியோடு சேர்ந்துகொண்டாள். விளாத்திகுளம் பக்கத்தில் குறிசொல்லும் கோடாங்கி ஒருவரிடம் அவனைக் கூட்டிப்போய், உடுக்கடிக்கு முன்னால் உட்காரவைத்து, இரண்டு சேவல் காணிக்கை கொடுத்து, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். மகன் காரணமில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு பேய் தேவைப்பட்டது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

வண்டி வெகுநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடந்தது. அதற்குப் பிறகு வந்து பார்த்த அதிகாரி பிரேக்கை அழுத்தினார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், இயந்திரக் கோளாறு ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் ஆட்டிப் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அதிலிருந்து அண்ணன் எந்த இருசக்கர வண்டியையும் தொடவில்லை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதும் வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தான். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டு காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். சாப்பிடும்போது சுவரை ஒட்டித்தான் உட்காருவான். கல்யாணமான பிறகு மதினி என்னிடம் தனியாகச் சொன்னாள், தூக்கத்தில் இடது தோளை மட்டும் உதறுகிறான் என்று. ஈ உட்கார்ந்ததை விரட்டுகிற மாதிரி. அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. காய்ச்சல் வந்த நாளில்கூடப் பிள்ளையை யார் வண்டியிலும் ஏற்ற அவன் விடவில்லை. வெயிலில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்போதுதான் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து வண்டியைக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. அண்ணன், வாங்குகிறவனையும் அது இழுக்கும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றான். சாதாரணமாக, பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. வண்டியை முழுக்கப் பிரித்துச் சரிசெய்கிறேன், அதற்குப் பிறகு விற்பதா வைப்பதா என்று பார்ப்போம் என்றேன். அவன் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பழைய வண்டியைச் சரிசெய்கிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள். எஞ்சின் உயிர் பெற்றால் மற்ற வேலைக்குத் தெம்பு வரும். நான் பின்சக்கரத்தில் தொடங்கினேன். ‘பின்னால் இழுத்தது’ என்பதைத் தவிர என் கையில் வேறு துப்பு இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் தானாக அலைவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று வரிசை போட்டேன். டயர். ஸ்போக் கம்பி. சக்கரத்துப் பேரிங். ஆக்ஸில் நட்டு. ஷாக் அப்சர்பரின் மேலும் கீழும் உள்ள ரப்பர். கடைசியாக ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவட்டை. அதன் முன்முனையில் ‘பின்’ என்கிற கனத்த இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே ஓடும். பின்னைச் சுற்றி புஷ் என்கிற உலோகக் குழாய் இருக்கும். கவட்டை மேலும் கீழும் அசைவதெல்லாம் அந்தப் பின்னில்தான். அது பக்கவாட்டில் மட்டும் அசையக் கூடாது.

சோதிப்பது எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். கவட்டையும் சேர்ந்து ஆடினால் புஷ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து வரிசையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். டயர் வெடித்துப் போயிருந்தது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்போக்குகள் இறுக்கம். பேரிங் பழசு, ஆனால் மோசமில்லை. கவட்டை பாறை போல நின்றது.

உண்மையில் அது அளவுக்கு மீறிப் பாறையாக இருந்தது. ஷாக்குகளைக் கழற்றியதும் கவட்டை தன் எடையிலேயே கீழே சரிய வேண்டும். சரியவில்லை. காலால் மிதித்துத்தான் இறக்கினேன். நின்றுபோன வண்டிக்குத் துரு பிடிக்காமலா இருக்கும் என்று அதை விட்டுவிட்டு, ஷாக்குகளைத் திரும்ப மாட்டினேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பின்பக்கத்தில் ஆட்டம் எதுவும் இல்லை என்று சொல்லும்போதே, அப்படியானால் தப்பு உன்னுடையதுதான் என்று சொல்வதாக ஆகிவிடும் என்பது எனக்கு உறைத்தது. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“ஒண்ணுமில்லன்னுதான் எனக்கும் தெரியும். யாரோ இழுத்தாவன்னு ஊருக்குச் சொன்னேன். அது யாரோ இல்லட்டி. அப்பா.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நிலத்திலிருந்து கிளம்பும்போது மழை கனத்துவிட்டது. பம்புசெட் அறையில் நின்று போகலாம் என்றார் அப்பா. அண்ணன் கேட்கவில்லை. வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாலத்தில் ஏறும்போது இடது தோளில் அப்பாவின் கை விழுந்தது. அழுத்திப் பிடித்தது. என்னை இன்னும் நிறுத்தத்தான் பார்க்கிறார் என்று இவன் தோளை உதறினான். அடுத்த நிமிஷம் பின்பக்கம் இழுபட்டது. கோபத்தில் அவர்தான் இழுத்தார், இவனையும் தன்னையும் சேர்த்து. இத்தனை வருஷமாக அவன் இதைத்தான் நம்பிக்கொண்டு, சுவரில் சாய்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

“அம்மாட்ட சொல்லிராத,” என்றான். “பேயின்னா அவியளுக்குத் தாங்கும். இது தாங்காது.”

அன்றிலிருந்து எனக்கும் கொட்டகைக்குள் தனியாக இருக்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தேன். குனிந்து நட்டைத் திருப்பும்போது சீட்டின் பின்பாதி கண்ணுக்கு நேரே வரும். அதில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து ரெக்சின் தேய்ந்த இடம் தெரியும். கடைசியில் வெளிச்சம் போதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, வண்டியைப் பாதி வெளியே தள்ளினேன். முன்சக்கரம் தகரத்துக்குள், பின்சக்கரம் வானத்துக்குக் கீழே. அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மழை பெய்தால் சும்மா தூறிவிட்டுப் போகாது, வந்தால் மண்ணைக் குழைத்துவிட்டுத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் எட்டிப் பார்த்ததும் வண்டியை உள்ளே தள்ளப் போனேன். பின்சக்கரத்தைப் பிடித்து நகர்த்தினேன்.

டொக் என்றது.

திரும்ப நகர்த்தினேன். டொக். முன்பு பாறையாக நின்ற அதே கவட்டை, இப்போது விரல் கடை அளவுக்குப் பக்கவாட்டில் போய் வந்தது. யாரோ அவிழ்த்துவிட்டுப் போன மாதிரி. நான் கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி தள்ளி நின்றேன். அப்புறம் வேலை பழகிய மூளை தன் பாட்டில் கேள்வி கேட்டது: போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியது? வண்டியில் நான் எதையும் கழற்றவில்லை, மாட்டவில்லை. தண்ணீர்தான் பட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் அப்போது கிடையாது. குடத்துக்கு அலைகிற ஊரில் வண்டிக்கு எங்கே போவது? வயலில் போய்வந்த வண்டியை வெயிலில் நிறுத்துவார்கள். கரிசல் காய்ந்ததும் உடைந்த அரிவாள் முனையால் குத்திப் பெயர்ப்பார்கள். மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். அப்பா அப்படித்தான் செய்தார். நானும் அப்படித்தான் செய்தேன். கண்ணுக்குத் தெரிகிற மண்ணெல்லாம் போய்விடும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் நுழைந்த மண் அங்கேயே இருக்கும். கரிசல் காய்ந்தால் சிமெண்டுப் பூச்சு. எவ்வளவு தேய்ந்த புஷ்ஷாக இருந்தாலும் இடைவெளியை அடைத்துப் பிடித்துக்கொள்ளும். கோடை முழுக்க வண்டி ஒழுங்காக ஓடும். நல்ல மழையில் நனைந்தால் அந்த மண்ணே வழவழப்பாகி விட்டுக்கொடுத்துவிடும். மழை நின்று பத்து நாள் வெயில் காய்ந்த பிறகு பார்க்கிற அதிகாரிக்கு ஆட்டம் எங்கே தெரியும்?

ஒருமுறை தவறாகச் சொன்ன இடத்தில் இரண்டாவது முறை அவசரப்படக் கூடாது. முதலில் கழுவிப் பார்க்க முடிவு செய்தேன். கூரைத் தண்ணீர் பிடித்துவைத்த டிரம்மிலிருந்து நான் வாளியில் மொண்டதை அம்மா பார்த்துவிட்டாள்.

“ஊரே தண்ணிக்கு அலையுது. நீ செத்த வண்டியக் குளிப்பாட்டுதியாட்டி?”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். நான் புஷ் ஓரத்தில் ஊற்ற ஊற்ற, கவட்டையை அசைக்க அசைக்க, கறுப்பாகக் குழம்பு வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது. அந்த வண்டி அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு வயலுக்குப் போனதே இல்லை. ஸ்டேஷன், கொட்டகை, அவ்வளவுதான். அப்படியென்றால் என் கையில் வழிவது அன்றைக்கு ஏறிய மண்தான். அப்பா கடைசியாக நடந்த நிலத்து மண். அது எனக்கு உறைத்தபோது வாளி காலியாகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுத்த வாளியை மொண்டுகொண்டு நின்றாள்.

கழுவி முடித்ததும் சக்கரம் இரண்டு பக்கமும் தாராளமாக ஆடியது. மறுபடி ஒரு சோதனை வைத்தேன். கொல்லைக் கரிசலைக் குழைத்து இடைவெளிக்குள் அப்பி, வெயிலில் விட்டேன். சில நாளில் சக்கரம் இறுகியது. தண்ணீர் ஊற்றி ஆட்டினேன், ஒன்றிரண்டு தள்ளலில் விட்டுக்கொடுத்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன். அதேதான். அதற்குப் பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

வர மனமில்லாமல்தான் வந்தான். சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன். ரொம்ப நேரம் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஏறினான். நான் பின்னால் போனதும் அவன் முதுகு விறைத்தது.

“பின்னால நிக்காத.”

“நின்னாத்தான் காட்ட முடியும்ணே. ஒரு நிமிஷம்.”

புஷ்ஷில் தண்ணீர் விட்டேன். சக்கரத்தைப் பிடித்து, ஓடுகிற வண்டியில் எப்படி அலையுமோ அந்தக் கணக்கில், இடதும் வலதுமாக அசைத்தேன். சட்டம் வழியாக அது சீட்டுக்கு ஏறியது. எனக்கு அவன் முகம் தெரியவில்லை. இடது தோள் ஒருமுறை உதறிக்கொண்டதைப் பார்த்தேன்.

“இதுதான்,” என்றான். “இன்னொரு தடவ ஆட்டு.”

ஆட்டினேன். இன்னொரு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை. நான் மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் அதிகாரி பார்த்த நாளைப் பற்றியும் வரிசையாகச் சொன்னேன். இழுத்தது யாருமில்லை, தேய்ந்த ஒரு புஷ் என்று முடித்தேன். அவன் இறங்குவான், மூச்சு விடுவான், அழுவான், இந்த மூன்றில் ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். அவன் உட்கார்ந்தே இருந்தான்.

“அப்போ கை?”

நான் சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன்.

“இது சக்கரம். சரி. கை முந்தியே விழுந்துச்சே. நான் உதறுன பெறவுதான இழுத்துச்சு. அது எங்கருந்து வந்துச்சு?”

எனக்கு அதற்கான பதில் தெரியும். கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. பின்சீட்டுக்காரர் கிட்டத்தட்ட சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். கவட்டை அலையத் தொடங்கினால் அவர் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். ஹேண்டில்பாருக்கு வந்து சேர்வது அதற்கப்புறம். நினைவு பிசகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பானா என்று தெரியவில்லை. நான் வண்டியைப் பற்றி அவனிடம் பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் அப்போது தோன்றியது.

“பின்னால இருக்கவங்களுக்கு முதல்ல தெரியும்ணே,” என்றேன். “சக்கரம் ஆடுனது அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் பிடிச்சிருக்காவ. அது கோபமில்ல.”

“சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லுததுக்கு எங்க நேரம்? கைய வைக்கத்தான் நேரம் இருந்திருக்கும்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஒப்புக்கொள்கிற ஆட்டம் இல்லை அது, கணக்குச் சரிபார்க்கிறவன் ஆட்டுவது. ஒன்று கழிந்தது, இன்னொன்று ஏறியது. அப்பா கோபத்தில் அவனை இழுக்கவில்லை. அப்பா அவனுக்கு ஏதோ சொல்ல வந்தார், அவன் உதறிவிட்டான். எது கனம் குறைந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இறங்கிப் போகும்போது, “நான் மெதுவாப் போயிருந்தா?” என்று கேட்டான். மெதுவாகப் போயிருந்தாலும் ஆடியிருக்கும் என்றேன். அது உண்மை. எவ்வளவு ஆடியிருக்கும் என்று அவன் கேட்கவில்லை. நல்லவேளை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மாவிடம் அவனே பேச்செடுத்தான். பாலத்தில் ஒன்றுமில்லை, வண்டிதான் பழுது என்றான். கையைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். வாளி மொண்டு கொடுத்த அன்றைக்கே அவளுக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும். “கோடாங்கிக்கு ரெண்டு சேவல் தண்டம்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவளே லேசாகச் சிரித்தாள்.

பின்னைத் தட்டி எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது. புஷ்ஷின் துளை முட்டை வடிவத்தில் இருந்தது. புதுசு கடைய லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணாச்சி என்னையும் பின்னையும் மாறி மாறிப் பார்த்தார். நூல் மில்லுக்குப் போகிற பொம்பளப் பிள்ளைக்கு இரும்பில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, விற்கப்போகிற வண்டிதானே, டப்பாத் தகரத்தை வெட்டிச் சுருட்டி உள்ளே சொருகினால் வாங்குகிறவன் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும் என்று யோசனை சொன்னார். விற்பதற்கு இல்லை என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது முடிவாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் அப்புறம் பேசாமல் வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார். கிரீஸ் விட ஒரு துளையும் போடச் சொன்னேன்.

எஞ்சின் வேலை முடிய மேலும் சில மாதம் ஆனது. முதலில் நான்தான் ஓட்டினேன். பிறகு ஒருநாள், நான் ஆலையிலிருந்து வந்தபோது, கொட்டகை காலியாகக் கிடந்தது. மதினி வாசலில் நின்றிருந்தாள். கேட்டதற்கு, தெருக்கோடி வரைக்கும் என்று மட்டும் சொன்னாள். அவன் திரும்பி வர நெடுநேரம் ஆனது. எங்கே போனான் என்று நாங்கள் கேட்கவில்லை. டயரில் தெருவில் கொட்டிய செம்மண் இல்லை, எங்கள் நிலத்துப் பக்கத்துக் கரிசல் இருந்தது.

இப்போது அவன் அதில்தான் வேலைக்குப் போகிறான். பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போகிறான். நன்றாக ஓட்டுகிறான். முன்பைவிட நன்றாக.

ஒன்று மட்டும் உண்டு. பின்னால் ஏறுகிறவர்கள் தோளில் கை வைத்தால் வண்டி நின்றுவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு இது புரியாது. அவனோடு வேலை பார்க்கிறவர்கள், உங்க அண்ணன் வண்டியில கை வைக்குத எடத்துலதான் பிரேக்கு இருக்கு என்று என்னைக் கேலி செய்வார்கள். நானும் ஒருமுறை கழுகுமலை ரோட்டில், குழி ஒன்றில் வண்டி இறங்கியபோது, யோசிக்காமல் அவன் இடது தோளைப் பிடித்துவிட்டேன். உடனே ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்தான்.

“என்னட்டி?”

“ஒண்ணுமில்லண்ணே. குழி.”

“வேற ஒண்ணுமில்லையே?”

இல்லை என்றேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அவன் அசையவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான்.